ராத்திரி எட்டு மணிக்கே வருகிற தூக்கத்தைத் தாண்டுவது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 52. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். பீடி சுற்றுகிறேன். ஒன்றரை வருடமாக ராத்திரித் தூக்கம் சரியில்லை. படுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் புரண்டுகொண்டே கிடப்பேன். அப்புறம் மூணு மணிக்கு முழிப்பு வந்துவிடும். போன மாதம் டாக்டரிடம் போனேன். மாத்திரை தரவில்லை. ராத்திரி 11 மணிக்குத்தான் படுக்க வேண்டும், காலை 5 மணிக்கு எழுந்துவிட வேண்டும், பகலில் தூங்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். காலையில் எழுந்திருப்பது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு டிவியில் நாடகம் பார்க்கச் சுவரில் சாய்ந்தால் கண் சொருகிவிடுகிறது. முக்கால் மணி நேரம் கழித்து மகள் உலுக்கி எழுப்புவாள். 11 மணிக்குப் பாயில் படுத்தால் பழையபடி முழிப்புதான். வருகிற தூக்கத்தை விரட்டிவிட்டு, வராத நேரத்தில் படு என்பது என்ன வைத்தியம்? 11 மணி வரை எப்படி முழித்திருப்பது? (அம்மா சொல்ல மகள் எழுதியது.)

பதில்:

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். எட்டு மணிக்குச் சுவரில் சாய்ந்தபடியே முக்கால் மணி நேரம் தூங்குகிற உடம்புக்குத் தூங்கத் தெரியாமல் போய்விடவில்லை. தூக்கம் இருக்கிறது. அது வருகிற நேரமும் இடமும்தான் மாறிக் கிடக்கின்றன. பாளையங்கோட்டையில் என்னிடம் இதே வைத்தியத்துக்கு வருகிறவர்களில் பலர் அதைக் கைவிடுவது நடுராத்திரியில் இல்லை. சாப்பிட்டு முடித்த இந்த எட்டு மணிக்குத்தான். அதனால் இதை நிதானமாகவே பேசுவோம்.

வருகிற தூக்கத்தை ஏன் விரட்ட வேண்டும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் ஊர்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் தண்ணீர் நாளெல்லாம் வந்து குளத்தில் சேர்கிறது. காலையில் கண் விழித்ததிலிருந்து தூக்கமும் இப்படித்தான் உடம்பில் சேர்கிறது. மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற ஒரு பொருள் அதில் கூடிக்கொண்டே போகும். அது கூடக்கூடக் கண் சொக்கும். 11 மணிக்கு மடையைத் திறந்தால் அந்தத் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து கடைமடை வரை, அதாவது விடிகிற வரை, போய்ச் சேர வேண்டும். நீங்கள் எட்டு மணிக்கே மடையைத் திறந்துவிடுகிறீர்கள்.

முக்கால் மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் ஆழ்ந்த உறக்கம் அதிகமாக வருவது தூக்கத்தின் முதல் பகுதியில்தான். பகலெல்லாம் சேர்ந்தது மளமளவென்று குறைவதும் அப்போதுதான். எட்டு மணிக்கே அது போய்விட்டால் 11 மணிக்குப் படுக்கும்போது ஓட்டம் இருக்காது. மூணு மணிக்குக் கடைமடை காய்ந்துவிடும். உங்களுக்கு மூணு மணிக்கு முழிப்பு வருவதில் இந்தக் கோழித்தூக்கத்துக்கும் பங்கு உண்டு.

உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தது அவர் மனம்போன கணக்கு இல்லை. படுக்கையில் கிடக்கிற நேரத்தைக் குறைத்தால் உடைந்து உடைந்து வருகிற தூக்கம் ஒன்று சேர்ந்து இறுகும் என்பதை ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1987-ல் எழுதினார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பார்த்தாகிவிட்டது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த வகைப் பழக்க வைத்தியத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் சொன்னது. மாத்திரை எழுதாமல் அனுப்பிவிட்டாரே என்று அவர் மேல் வருத்தப்படாதீர்கள். நேரம் எடுத்து இதை எழுதிக் கொடுக்கிற டாக்டர் கிடைப்பது நல்ல விஷயம்.

சரி, 11 மணி வரை எப்படி? உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊரில் அம்மன் கோயில் கொடை வந்தால் சாமக்கொடை முடிகிற வரை முழித்திருப்பீர்களா, இல்லையா? எட்டு மணிக்கு அன்றைக்கும் சாப்பிட்டிருப்பீர்கள். அன்றைக்கும் பகலெல்லாம் வேலைதான், சொல்லப்போனால் கூடுதல் வேலை. ஆனாலும் ஒன்பது மணிக்கு வில்லுப்பாட்டு கேட்டுக்கொண்டு நிற்கிறீர்கள், பத்து மணிக்கு மதினியிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், 12 மணிக்குப் பூஜை பார்க்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் கண்ணுக்குத் தனிப் பலம் எதுவும் வந்துவிடவில்லை. சுற்றிலும் வெளிச்சம், பேசுவதற்கு ஆள், நின்றுகொண்டோ நடந்துகொண்டோ இருக்கிற உடம்பு, சாய்வதற்குச் சுவர் இல்லாத வெட்டவெளி. இந்த நாலும்தான் உங்களைத் தாங்கின.

வீட்டில் எட்டு மணிக்கு இந்த நாலும் நேர்மாறாக இருக்கின்றன. லைட்டை அணைத்துவிட்டு டிவி வெளிச்சம் மட்டும். யாரும் பேசுவதில்லை, பேசினால் நாடகம் கேட்காது. கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். முதுகுக்குச் சுவர். வயிற்றில் சோறு. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு தூங்கக் கூடாது என்று நினைத்தால் யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. கண்ணோடு மல்லுக்கட்டாதீர்கள். கிள்ளிக்கொள்வது, கண்ணில் தண்ணீர் அடிப்பதெல்லாம் அஞ்சு நிமிடம் தாங்கும். நீங்கள் மாற்ற வேண்டியது இடத்தை.

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து வேலை ஓய்வு பெற்ற ஒரு ஐயா என்னிடம் வந்தார். அவருக்கும் இதே தொல்லை. சுவருக்குப் பதில் ஈசிசேர். முதல் வாரம் முழுக்கத் தோற்றுப்போய் வந்து உட்கார்ந்தார். அவருடைய வீட்டம்மா ஒரு காரியம் செய்தார்கள். ஈசிசேரை மடக்கி அரங்கு வீட்டுக்குள் போட்டுவிட்டார்கள். வாசல் நடையில் ஒரு முக்காலியைப் போட்டு, தலைக்கு மேலே பல்பை எரியவிட்டு, ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கையில் கொடுத்தார்கள். ஐயா கீரை ஆய்ந்தார். கண் சொக்கினால் கை நிற்கும். கை நின்றால் அவருக்கே சட்டென்று தெரிந்துவிடும், எழுந்து தெருவில் நாலு நடை நடந்துவிட்டு வருவார். தெருவில் போகிறவர்களும் நின்று ரெண்டு வார்த்தை பேசினார்கள். பத்து நாளில் எட்டு மணியைத் தாண்டிவிட்டார். வாரத்தில் பாதி நாள் முருங்கைக்கீரைதான் சாப்பாடு என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார்கள்.

உங்களுக்குக் கைவேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த நேரத்துக்குப் பீடியை எடுக்காதீர்கள். முப்பது வருடப் பழக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டாலும் கை சுற்றும். முழிப்பைக் காக்க அது உதவாது. இலை வெட்டுவது அதைவிட மோசம். தூக்கக் கலக்கத்தில் கத்திரி பிடிப்பது விரலுக்கு ஆபத்து. அதோடு, புகையிலையில் இருக்கிற நிக்கோடின் தோல் வழியாகவும் தூசி வழியாகவும் கொஞ்சம் உடம்புக்குள் போகும். அது மூளையைத் தட்டி எழுப்புகிற சரக்கு. ராத்திரி தூள் சுளவை மடியில் வைத்துக்கொண்டு உட்காராமல், பொழுது சாய்வதற்குள் பீடி வேலையை மூடிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும் நின்று செய்கிற வேலையை ஒதுக்கி வையுங்கள். சாயங்காலமே முடித்துவிட்டு அக்கடா என்று உட்காரலாம் என்று நினைப்பீர்கள், அந்தப் பழக்கத்தைத்தான் திருப்ப வேண்டும். சாப்பிட்ட பாத்திரம் எட்டு மணிக்குக் கழுவப்படட்டும். இட்லி மாவைக் காலையில் ஆட்டுவதாக இருந்தால் எட்டேகாலுக்கு மாற்றுங்கள். கிரைண்டர் பக்கத்தில் நின்று தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும்போது யாரும் தூங்குவதில்லை. காய்ந்த துணியை மடிப்பது, மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரிப்பது, எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்கு. நாடகத்தை விட மனசில்லை என்றால் பார்க்கலாம், ஆனால் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு, பட்டாசலின், அதாவது கூடத்தின், நடுவில் முக்காலியில் உட்கார்ந்து, துணி மடித்தபடி. சுவரிலிருந்து ரெண்டு கை தூரம் தள்ளி. முதல் ரெண்டு வாரமாவது இந்த விதியைத் தளர்த்தாதீர்கள்.

ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பட்டினி வேண்டாம். கரண்ட் போய்விட்டால் இருட்டில் உட்காராமல் தெருவுக்கு வந்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஊரே வெளியில்தானே இருக்கும்.

இனி முக்கியமான ஒன்று. ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் உங்களுக்கு ஒரு அதிசயம் நடக்கும். எட்டு மணிக்குத் தலை தொங்கியவருக்குத் திடீரென்று தெளிவு வந்துவிடும். இதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். "ஐயோ, வந்த தூக்கத்தை விரட்டிவிட்டேன், இனி விடிய விடிய முழிப்புதான்" என்று. அக்கா, பயப்படவே வேண்டாம். உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் வழக்கமாகப் படுக்கிற நேரத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னால் ஒரு தெம்பைக் கொடுக்கும். பெரெட்ஸ் லாவி என்ற இஸ்ரேல் ஆராய்ச்சியாளர் 1986-ல் இதை அளந்து காட்டினார். அந்த நேரத்தில் படுக்கச் சொன்னால்கூடத் தூங்குவது கடினம் என்று கண்டார். அந்தத் தெம்பு தானாக அடங்கும். குளத்துத் தண்ணீர் எங்கேயும் போய்விடவில்லை, சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. உங்களைப் போல எட்டு மணிக்குத் தூங்கிப் போகிறவர்கள் இந்தத் தெம்பு இருப்பதையே அறிய மாட்டார்கள். ஆகவே நீங்கள் போராட வேண்டியது மூணு மணி நேரம் இல்லை, ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான்.

ஒன்பதரைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துவிடுங்கள். புகையிலைத் தூசியும் போகும், முழிப்புக்கும் உதவும். அதைவிட, படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வெந்நீரில் குளித்தால் பிறகு உடம்பு சூட்டை வெளியே விட்டுக் குளிரும். தூக்கம் சீக்கிரம் பிடிக்கும். பத்து மணிக்கு மேல் பரபரப்பெல்லாம் வேண்டாம். வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு மகளோடு பேசிக்கொண்டிருங்கள், பாட்டுக் கேளுங்கள். சீட்டுக் கணக்கு, கடன் பேச்செல்லாம் அந்த நேரத்தில் எடுக்காதீர்கள்.

பாயில் படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டிலில் படுப்பவர்களைவிட உங்களுக்கு வசதி. கட்டில் எப்போதும் கண்ணெதிரே வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே கிடக்கும். பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிடலாம். 11 மணி வரை அதை விரிக்காதீர்கள். இடுப்பு வலிக்கிறது, சும்மா கொஞ்சம் சாய்கிறேன் என்றுகூட விரிக்கக் கூடாது. இத்தனை மாதமாக அந்தப் பாயில் புரண்டு புரண்டு, பாய் என்றாலே முழிப்பு என்று மூளை பழகிவிட்டது. இனிமேல் பாய் என்றால் தூக்கம் என்று அது திரும்பப் படிக்க வேண்டும்.

11 மணி என்பது மடை திறக்கலாம் என்கிற நேரம், திறந்தே ஆக வேண்டிய நேரம் இல்லை. 11 அடித்தும் கண் சொக்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். அசதி வேறு, தூக்கம் வேறு. கை கால் ஓய்ந்திருப்பது அசதி. இமை கனத்துத் தலை தானாகக் கவிழ்வது தூக்கம். இரண்டாவது வந்தால்தான் பாய். படுத்து ஒரு கால் மணி நேரம் ஆகியும் பிடிக்கவில்லை என்று தோன்றினால் எழுந்து பட்டாசலுக்கு வந்துவிடுங்கள், சொக்கியதும் திரும்பப் போங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது அஞ்சு மணிக்குத்தான்.

முழிப்புக்காக எட்டு மணிக்கு டீயோ காப்பியோ குடித்துவிடாதீர்கள். இந்தத் தவறைச் செய்யாதவர்கள் குறைவு. அடினோசின் வேலை செய்கிற இடத்தில் போய்க் காப்பிச் சத்து உட்கார்ந்துகொள்ளும். சாதாரணமாக அஞ்சு மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் இருக்கும். எட்டு மணிக் காப்பி ராத்திரி ஒரு மணிக்கும் பாதிக் காப்பி. கருப்பட்டிக் காப்பியும் காப்பிதான்; கருப்பட்டி போட்டதால் சாந்தமாகிவிடாது. கடைசி டீயை மத்தியானம் ரெண்டு மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாயங்காலம் சுக்குத் தண்ணி குடிக்கலாம், காப்பித்தூள் போடாமல்.

மகளுக்கு ஒரு வார்த்தை. தங்கச்சி, அம்மா தலை சாய்ந்ததும் முக்கால் மணி நேரம் விட்டுவிட்டு உலுக்காதே. கண் சொருகுகிறது என்று தெரிந்த உடனே தோளைத் தொட்டு, "அம்மா, வா, தெருவில் ஒரு நடை போவோம்" என்று கூப்பிடு. தூங்குமூஞ்சி என்று கேலி செய்யாதே. மீறி ஒருநாள் தூங்கிப்போனால் சண்டை வேண்டாம். அன்றைக்கும் படுப்பது 11 மணிக்குத்தான், எழுவது அஞ்சுக்குத்தான். ஒருநாள் தவறினதற்காக வைத்தியம் கெட்டுப்போகாது. அம்மா அதற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டு படுத்தால் அன்றைய தூக்கம் நிச்சயம் கெடும்.

இன்னொரு வேலையும் உனக்கு உண்டு. அம்மா தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார். பலமான குறட்டை வருகிறதா, குறட்டை நடுவில் மூச்சு நின்று பிறகு திணறி இழுக்கிறார்களா? உட்கார்ந்ததும் தூங்கிப்போவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அப்படி இருந்தால் இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்தி வைத்துவிட்டு முதலில் அதைச் சோதிக்க வேண்டும். முக்கியமாக அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பும் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

அக்கா, சாயங்காலம் உட்கார்ந்தால் கால் குடைச்சல் எடுத்து, ஆட்டினால்தான் சரியாகிறதா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புச் சத்துக் குறைவால் அது வரும், ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். சளிக்கும் அரிப்புக்கும் வாங்குகிற சில மாத்திரைகள்கூட மாலையில் தூக்கத்தைக் கொண்டுவரும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அட்டையோடு காட்டுங்கள். இந்த வயதில் மாதவிலக்கு நிற்கிற சமயத்து உடல் சூடும் வியர்வையும் ராத்திரி எழுப்பிவிடும். வெட்கப்படாமல் சொல்ல வேண்டிய விஷயம். எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ, நாட்கணக்கில் தூங்காமலே அதீத உற்சாகமாக இருந்த காலம் உண்டென்றாலோ, டாக்டரிடம் சொல்லாமல் இந்த வைத்தியத்தைத் தொடரக் கூடாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலேயே காட்டலாம்.

முதல் ரெண்டு வாரம் பகலில் கண் எரியும், எரிச்சல் வரும். அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள். அந்த நாட்களில் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டு உட்காராதீர்கள்.

இந்த 11 மணி காலத்துக்கும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 11-லிருந்து 5 வரை 6 மணி நேரம், அதாவது 360 நிமிடம். அதில் 85 சதவீதம் தூங்கினால் போதும்: 306 நிமிடம், 5 மணி 6 நிமிடம். ஒரு வாரம் சராசரியாக இந்த அளவு வந்துவிட்டால் உங்கள் டாக்டர் படுக்கிற நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டுவந்து 10.45 ஆக்குவார். அடுத்த வாரமும் சரியாக இருந்தால் 10.30. சீக்கிரம் குணமாகட்டும் என்று நீங்களாக 11-ஐ 12 ஆக்கிவிடாதீர்கள். பாயில் இருக்கிற நேரத்தை அஞ்சு மணி நேரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் நாலே விஷயம்: எத்தனை மணிக்குப் பாய் விரித்தீர்கள், தோராயமாக எவ்வளவு நேரம் தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள், முந்தின நாள் எட்டிலிருந்து ஒன்பது வரை எங்கே நின்று என்ன செய்தீர்கள். நிமிடக் கணக்கு வேண்டாம், உத்தேசம் போதும். ரெண்டு வாரம் ஆனதும் அதை டாக்டரிடம் காட்டிவிட்டு, எனக்கும் மகளை எழுதச் சொல்லுங்கள். குறட்டை பற்றி அவள் பார்த்ததையும் மறக்காமல் சேர்த்து எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் டாக்டர் தங்கச்சி